அத்தை முன்னே நடக்கட்டும்!

மே திங்கள் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பள்ளி ஆசிரியன் வீட்டுக்கு விருந்து! ஊரிலிருந்து உறவினர் வருவர். "பட்டணம் பார்க்க வந்தோம்" என்பர். பட்டணம் அவ்வளவு அருகிலா இருக்கிறது? நாம் குடியிருப்பது அம்பத்தூர். பட்டணத்தின் மேற்கு வாசல்!

"இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" வருவோர் எல்லாம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். ஏன் இல்லை? 1949இல் தொடங்கி, நாட்டுக்கெல்லாம் மிதிவண்டி செய்து கொடுத்த ஆலை இங்கே எழுந்தது. 1960களில் உருவான தொழிற்பேட்டை இங்கே. ஆவடியில் 1961இல் அமைந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை. அதிலிருந்து 1965இல் வெளிவந்தது 'விசயந்தா' டாங்கி. பூவிருந்தவல்லிக்கு அப்பால், கடல்போல் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி. உழைப்பின் உருவங்கள் இவை, அறிவின் ஆக்கங்கள். ஆயினும் வருவோர் பட்டியலில் இவற்றுக்கு இடம் இருப்பதில்லை. பட்டியல் ஊரிலேயே எழுதப்பட்டு, மடித்து, இடுப்பில் செருகப்பட்டுத்தான் வருகிறது: திருவேற்காடு, மாங்காடு, திருமுல்லைவாயில், நேரம் இருந்தால் கடற்கரை!

இவ்வாண்டும் வந்தனர். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, அவர்தம் மகன், அவனுக்குப் புதிதாக வாய்த்த மனைவி. நால்வரோடு ஐந்தாமவராக அத்தை.

அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் தந்தையாருக்கு மூத்தவர். இருபத்தேழாம் வயதில் கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அன்று தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பெரியப்பா வீட்டில் வாழ்கிறார். வாழ்கிறார் என்றா சொன்னோம்? உழைக்கிறார் என்று திருத்திக்கொள்வோம். விடியுமுன் எழுந்து மாடு கறப்பது அத்தை. நடவுக்கு ஆள் அழைப்பது அத்தை. கூலிக் கணக்கு எழுதுவது அத்தை. அண்ணன் மகன் திருமணத்துக்கு மூன்று நாள் இரவு உறங்காமல் முறுக்கும் அதிரசமும் சுட்டது அத்தை. மாவரைக்கலாம் அந்தக் கை. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்கலாகாது! பந்திக்கு இலை போடலாம். பந்தலுக்கு முன்னே நிற்கலாகாது! அவர் உழைப்பு மங்கலம். அவர் முகம் அமங்கலம்! என்னே நம் நாட்டு நியாயம்!

இதையெல்லாம் நாம் அறியாதவரல்லர். கல்லூரி நாட்களில் மேடையேறிப் பேசியவர்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சொத்துரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றியதை மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்கள். வாங்கிய கைதட்டலின் விலை என்ன என்பதை இந்த மே திங்களில்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் நாள் உலாவுக்கு வேன் பேசியாயிற்று. காலை ஏழரை மணிக்குள் நல்ல நேரம். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. புதுமணத் தம்பதியர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தனர். அந்த வேளையில், கட்டுச்சோற்றுத் தூக்கு ஒரு கையிலும் தண்ணீர்க் குடுவை மறு கையிலுமாக அத்தை கூடத்திலிருந்து வாசலை நோக்கி வந்தார்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை! அத்தை தாமாகவே நின்றார். தாமாகவே இரண்டடி பின்வாங்கினார். தூக்கையும் குடுவையையும் நம் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னே சென்று நின்றுகொண்டார். இருபத்தெட்டு ஆண்டுப் பயிற்சி! பட்டாளத்தான்கூட இவ்வளவு திருத்தமாகப் பின்வாங்க மாட்டான்.

"வீட்டுக்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? அவள் இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. "நானும் இருக்கிறேன்; இரவுச் சமையல் இருக்கிறதே" என்றார் நம் அன்னையார். தந்தையார் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். நாம்?

நாம் தண்ணீர்க் குடுவையைப் பார்த்தோம்! வாய் திறக்கவில்லை. பெரியவர் முன் எதிர்த்துப் பேசலாமா, விருந்தினர் மனம் நோகலாமா, புதுமணப் பெண் என்ன நினைப்பாள் என்று மூன்று சாக்குகள் முண்டியடித்துக்கொண்டு வந்து நின்றன. சாக்குக்கா பஞ்சம்! ஏறி அமர்ந்தோம். வண்டி புறப்பட்டது.

திருவேற்காட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெரும்பகுதி பெண்கள். ஆவலோடும் அலுப்போடும் வரிசையில் நின்ற அந்தத் தாய்மார்களைக் கண்டபோது நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. "ஏன் இப்படிக் கோயில் கோயிலாகச் சுற்றுகிறீர்கள்?" என்று அவர்களைக் கேலி பேசுவது எளிது, நாமே பேசியிருக்கிறோம். ஆனால் கோயிலுக்கு என்று சொன்னாலன்றி எத்தனை வீடுகளில் பெண்ணுக்கு வாசற்கதவு திறக்கிறது? "ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறேன்", "நூலகத்துக்குப் போய் வருகிறேன்" என்று ஒரு குடும்பத் தலைவி சொன்னால், என்ன வேலை அங்கே என்று கேட்காத வீடு எத்தனை? திறந்திருக்கும் ஒரே கதவின் வழியாக அவர்கள் வெளியே வருகிறார்கள். கதவைக் குறை சொல்லுமுன், மற்றக் கதவுகளை அடைத்தவர் யார் என்று கேட்டோமா? நம் அத்தைக்கோ அந்த ஒரு கதவும் இல்லை!

மாங்காடு செல்லும் வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. மே மாதத்துப் பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். ஓட்டுநரைக் குறை சொன்னார் பெரியப்பா. சாலையைக் குறை சொன்னான் தம்பி. வெயிலைக் குறை சொன்னார் பெரியம்மா. நமக்கோ நெஞ்சு 'திக்'கென்றது. அத்தை மட்டும் அன்று காலை நம் முன்னே நடந்து வந்திருந்தால்? குறை சொல்ல ஓட்டுநர் தேவைப்பட்டிருக்க மாட்டார்! நல்ல நேரத்தில், நல்ல சகுனத்தில் புறப்பட்ட வண்டிக்குத் துளை விழுந்தால் அது ஆணி செய்த வேலை. அத்தை எதிரே வந்தபின் விழுந்தால் அது அத்தை செய்த வேலை! சகுனம் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பு. குற்றம் பிறகு நடக்கும். குற்றவாளி முதலிலேயே தயார்!

மாலை திரும்பினோம். அன்னையார் கேட்டார்: "சோறு போதியதா?" அத்தை கேட்டார்: "என்னென்ன பார்த்தீர்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்." திண்ணையோரம் கால் நீட்டி அமர்ந்து, கதை கேட்கும் குழந்தை போலக் கேட்டார். அந்தக் கேள்வியில் கசப்பு இல்லை, குத்தல் இல்லை. அதுவே நம்மைக் குத்தியது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, பலகாரம் முடிந்த நேரம் பார்த்து வாய் திறந்தோம். அடுத்த உலாவுக்கு அத்தை வரவேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்கலாகாது. முன்னே நடக்கவேண்டும் என்றோம்.

"மேடைப் பேச்சை வீட்டுக்குள் கொண்டு வராதே, தம்பி" என்றார் பெரியப்பா. மேடையில் பேசியதை வீட்டில் பேசாமல் இருந்ததுதான் நேற்று நாம் செய்த குற்றம் என்றோம். "புதிதாகக் கல்யாணம் ஆன பிள்ளைகள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?" என்றார் பெரியம்மா. நேற்று ஆன டயருக்கு யார் பொறுப்பு என்று கேட்டோம். பதில் இல்லை. வென்றுவிட்டோம் என்று எண்ணினோம். எண்ணி முடிக்குமுன் குறுக்கிட்டவர் யார் தெரியுமா? அத்தை!

கொல்லைப்புறம் அழைத்துச் சென்று சொன்னார்: "வேண்டாம், தம்பி. சகுனத்தை நான் நம்புகிறேன் என்றா நினைக்கிறாய்? இருபத்தெட்டு ஆண்டாக நாள்தோறும் விடிந்ததும் கண்ணாடியில் இந்த முகத்தைத்தானே முதலில் பார்க்கிறேன்? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தாலும் என்னால் என்பார்கள். நீ பேசிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாய். அந்த வீட்டில் இருக்க வேண்டியவள் நானல்லவா?"

தோழர்களே, எத்தனையோ ஏடுகளைப் படித்திருக்கிறோம். எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறோம். இவ்வளவு தெளிவாக எவரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை. அத்தைக்கு அறியாமை இல்லை, அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் பேயுமல்ல, கோளுமல்ல, ஒண்ட இடமின்மை! "அந்த வீட்டில் இருக்க வேண்டியவள்" என்றாரே, அந்த ஒரு தொடரில் இருக்கிறது அத்தனையும்.

அப்போதுதான் உறைத்தது. அந்த வீடு யாருடையது? தாத்தா தம் உழைப்பால் வாங்கிய மனை. தம் உழைப்பால் வாங்கிய மூன்று ஏக்கர் நன்செய். உயில் எழுதாமல் மறைந்தார்; பாட்டி அவருக்கு முன்பே மறைந்துவிட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அத்தகைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மூன்று மக்கள், மூன்றில் ஒன்று அத்தைக்கு! தம் வீட்டில், தம் நிலத்தில், தம் அண்ணனிடம் அண்டிப் பிழைப்பவராக இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் அவர். எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நம் தந்தையாரும் ஒருவர். ஆண்டுதோறும் ஊரிலிருந்து நமக்கு நெல் வரும்; குத்தகைப் பணம் வரும். அந்தப் பணத்தில்தான் நம் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. அத்தையின் பங்கும் அதில் கலந்திருந்தது! பெண்ணுரிமை பற்றி நாம் முழங்கிய மேடைக்குப் பலகை போட்டுத் தந்தது பங்கு கிடைக்காத ஒரு பெண்ணின் நிலம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் அது மேலும் வெட்கம்.

அன்று மாலை தந்தையாரிடம் இதைச் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டு நின்று தேய்ந்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. கேட்டால் அண்ணன் வீட்டு வாசலும் அடைபட்டுவிடும் என்றுதான் கேட்கவில்லை. நாங்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தோம்" என்றார். சற்று நேரம் கழித்து, "நாளை அக்காவைக் கூட்டிக்கொண்டு போ. உன் அம்மாவையும் கூட்டிப் போ. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

எங்கே போகலாம் என்று அத்தையையே கேட்டோம். ஒரு பெண்ணிடம் கேட்கப்படாத கேள்வி! திகைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கடல். வேனில் வேண்டாம், இரயிலில் போகலாம்."

காலையில் அன்னையாரும் நாமும் வாசலுக்கு வந்துவிட்டோம். கூடத்தில் பெரியப்பா நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அத்தை நிலைப்படியருகே வந்து, வழக்கம்போல் நின்றார். பின்னால் வந்த புதுமணப் பெண், "நானும் வருகிறேன். கொஞ்சம் முன்னே போங்கள், செருப்பு மாட்ட இடம் வேண்டும்" என்றாள். முழக்கமல்ல அது; வெறும் செருப்புக்கு இடம் கேட்டாள்! அத்தை படி இறங்கினார். புதுமணப் பெண் அவர் பின்னே இறங்கினாள். வானம் இடியவில்லை. பெரியப்பாவின் நாளிதழ் மட்டும் சற்றே அசைந்தது.

கடற்கரை நிலையம் செல்லும் மின்சார இரயிலில் ஏறினோம். சன்னலோரம் அத்தை. கொரட்டூர் கடந்தது. வில்லிவாக்கம் வந்ததும், 2019 ஜூலையில், ஏரிகள் வறண்டு நகரம் தவித்தபோது சோலார்பேட்டையிலிருந்து குடிநீர் சுமந்த இரயில் வந்து நின்ற இடம் இது என்றோம். "இரயிலில் தண்ணீரா!" என்று வியந்தார் காவிரிப் பாசனத்துப் பெண்மணி. 1955இல் திறக்கப்பட்ட பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையைக் காட்டினோம். இராயபுரம் வந்தது. தென்னாட்டின் முதற் பயணிகள் இரயில் 1856 ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாசா சாலை வரை ஓடியது. நாம் வந்த அம்பத்தூர்ப் பாதை அன்று போடப்பட்ட பாதைதான் என்றோம்.

சொல்லும்போதே மற்றொன்று நினைவுக்கு வந்தது. அதே 1856ஆம் ஆண்டு, அதே ஜூலைத் திங்களில்தான், ஈசுவரசந்திர வித்தியாசாகர் பாடுபட்டதன் பயனாக, கைம்பெண் மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டம் நிறைவேறியது. இரண்டும் ஒரே திங்களில் பிறந்த பிள்ளைகள்! இரயில் வளர்ந்தது, நீராவி போயிற்று, மின்சாரம் வந்தது, ஒற்றைப் பாதை பல பாதையாயிற்று. உடன்பிறந்த சட்டமோ? ஏட்டில் இருக்கிறது. நம் அத்தை கணவனை இழந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். மறுமணம் என்ற சொல்லை அவரிடம் உச்சரிக்க ஒருவரும் இருக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு 1975இலேயே கைம்பெண் மறுமணத்துக்கு உதவித் திட்டம் கொண்டுவந்தது; அதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. இரயிலை ஓட்டத் தண்டவாளம் போட்டார்கள். சட்டத்தை ஓட்டத் தண்டவாளம் போடவேண்டியவர்கள் நாமல்லவா?

கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பேருந்து ஏறினோம். 2021 மே 8 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூன்று பெண்டிருக்கும் இலவசச் சீட்டு. நமக்கு மட்டும் காசு. "உனக்கு மட்டும்தான் செலவா?" என்று சிரித்தார் அத்தை. ஊரிலும் இந்தப் பேருந்தில்தான் மன்னார்குடிச் சந்தைக்குப் போய் வருகிறாராம். "டிக்கெட்டுக்குக் காசு கேட்டு அண்ணன் முன்னே நிற்க வேண்டியதில்லை" என்றார். திட்டத்தின் பயனை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை!

கடலைக் கண்டார். பேசவில்லை. முழங்கால் வரை அலையில் நின்றார். நம் அன்னையாரும் நின்றார். முப்பது ஆண்டாக அம்பத்தூரில் இருப்பவர். கடற்கரைக்கு வந்தது இது நான்காம் முறை என்றார். பிறர் வீட்டு அத்தையை எண்ணி உருகியபோது, நம் வீட்டு அன்னையை எண்ணிப் பார்த்தோமா? ஊரார் வந்தால் அவர் சமையற்கட்டில். ஊரார் போனாலும் அங்கேயே!

திரும்பும் வழியில் கண்ணகி சிலையருகே நின்றோம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிலைநாட்டப்பட்ட சிலை என்ற வரலாற்றைச் சொன்னோம். அத்தை சிலையை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "புருசனை இழந்த பிறகுதானே இவள் கையில் சிலம்போடு அரசன் வாசலுக்குப் போனாள்? உள்ளே போ என்று இவளை யாரும் சொல்லவில்லையா?"

என்ன விடை சொல்ல! கணவனை இழந்தவளுக்குக் கடற்கரையில் சிலை. வீட்டிலோ கதவுக்குப் பின்னே இடம். அவளைப் போற்றிப் பட்டிமன்றம் நடத்துகிறோம். இவளைக் கண்டால் பயணத்தை ஒத்திப் போடுகிறோம்.

மாறாதா இது? மாறும். 2022 மே மாதம் மராட்டிய மாநிலத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஏர்வாடு என்ற சிற்றூர், வளையல் உடைப்பது, பொட்டழிப்பது முதலான கைம்மைச் சடங்குகளை ஒழிப்பதாகத் தீர்மானம் இயற்றியது; மற்றச் சிற்றூர்களும் பின்பற்றுமாறு அம்மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றைப் பற்றிய வழக்கில், கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் நுழையாமல் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. ஒரு சிற்றூர் செய்ய முடிந்ததை, ஒரு நீதிமன்றம் சொல்ல முடிந்ததை, ஒரு வீடு செய்ய முடியாதா? 1955 ஜனவரியில், நமக்கு அண்டையிலுள்ள ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்தது. அந்தச் சமதர்மம் ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு வருவதற்குள் நம் வீட்டு நிலைப்படியில் தடுக்கி விழுந்துவிட்டதே!

இரவு வீடு திரும்பினோம். தந்தையார் சாம்பார் வைத்திருந்தார். உப்பு மிகுதி. எவரும் குறை சொல்லவில்லை. பெரியப்பா மட்டும் தண்ணீர் கேட்டார், சிறிது தயங்கி, "கடல் எப்படி இருந்தது?" என்று தம் தங்கையைக் கேட்டார். அத்தை சொன்னார். அன்று கதை சொல்லும் முறை அவருடையது.

விருந்தினர் ஊர் திரும்பிவிட்டனர். ஆடிப் பெருக்குக்குத் தந்தையார் ஊருக்குப் போகிறார். பங்கு பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா ஒப்புவாரா? தெரியாது. சினப்பாரா? சினக்கலாம். நம் வீட்டுக்கு நெல் மூட்டை குறையும், குறையட்டும். அத்தைக்கு இடம் வேண்டுமானால் அம்பத்தூரில் ஓர் அறை உண்டு என்று எழுதியிருக்கிறோம். "பங்கு வரட்டும், அப்புறம் விருந்தாளியாக வருகிறேன்" என்று விடை வந்திருக்கிறது. அடிமையாக வரமாட்டேன் என்று பொருள். படித்தபோது தலை தாழ்ந்தது, நெஞ்சு நிமிர்ந்தது.

இளைஞர்களே, விடுமுறை இன்னும் வரும். விருந்தினர் இன்னும் வருவர். உங்கள் வீட்டு வாசலிலும் வண்டி வந்து நிற்கும். ஏறி அமருமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கதவுக்குப் பின்னே யார் நிற்கிறார்? சமையற்கட்டில் யார் தங்கிவிட்டார்? அவர் பெயரில் ஒரு காணி நிலமாவது இருக்கிறதா? மேடையில் நாம் பேசும் பேச்சு அந்தக் கதவு வரையாவது போய்ச் சேரட்டும். அத்தை முன்னே நடக்கட்டும்; பின்னே நடக்க நாம் பழகுவோம்!